யூகே வந்த பயாலஜி ஆளுங்களுக்கு: இங்க எம்எஸ்சிக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்க டிகிரியை அசெஸ் பண்ணிடுங்க

போன வாரம் கோயில்ல ஒரு தங்கச்சியைப் பார்த்தேன். ஊர்ல எம்எஸ்சி மைக்ரோபயாலஜி முடிச்சிருக்கா, வீட்டுக்காரரோட டிபென்டென்ட் விசால வந்து எட்டு மாசம் ஆச்சு, வேர்ஹவுஸ்ல நைட் ஷிப்ட் போயிட்டு இருக்கா. "நம்ம படிப்பு இங்க செல்லாதாம் அக்கா, இங்க ஒரு எம்எஸ்சி பயோமெடிக்கல் சயின்ஸ் படிச்சாத்தான் ஆஸ்பத்திரி லேப்ல எடுப்பாங்களாம், லோன் போடப் போறோம்"னு சொன்னா. எனக்கு வயித்தைப் பிசைஞ்சிடுச்சு. நான் வந்த புதுசுல ஒரு கன்சல்டன்சில இதே வார்த்தையைச் சொல்லி என்கிட்ட அட்வான்ஸ் வாங்கினாங்க, அந்தக் காசு இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல. அவகிட்ட நின்னுகிட்டே சொன்னதை இங்க கொஞ்சம் விளக்கமா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இங்க பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்ங்கிறது (ஆஸ்பத்திரி லேப்ல நோயாளிங்க சாம்பிளை டெஸ்ட் பண்றவங்க) சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பதவிப் பேர், எச்சிபிசின்னு ஹெல்த் தொழில்காரங்களைப் பதிவு பண்ற அமைப்போட ரிஜிஸ்டர்ல பேர் இல்லாம யாரும் அப்படிச் சொல்லிக்க முடியாது. அந்த ரிஜிஸ்டருக்குப் போற வழில ஐபிஎம்எஸ்னு பயோமெடிக்கல் சயின்ஸுக்கான ஒரு இன்ஸ்டிட்யூட் இருக்கு, அவங்கதான் டிகிரியைப் பார்த்து இது போதும் இது போதாதுன்னு சொல்றவங்க. ஐபிஎம்எஸ் அக்ரெடிட்டேஷன் இருக்கிற எம்எஸ்சியே ஆனாலும் அதை முடிச்ச கையோட எச்சிபிசில பேர் வராது, ஐபிஎம்எஸ் பார்க்கிறது அடிப்படை டிகிரில என்னென்ன பேப்பர் படிச்சீங்கன்னு. ஹெமட்டாலஜி, கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி, டிரான்ஸ்பியூஷன், செல்லுலார் பேத்தாலஜி, இம்யூனாலஜி, ஜெனிடிக்ஸ், மெடிக்கல் மைக்ரோபயாலஜி எல்லாம் இருக்கணும். இது தெரியாம அத்தனை பவுண்டு கட்டி எம்எஸ்சி முடிச்சிட்டு அப்புறமும் டாப்-அப் மாட்யூல், அதாவது டிகிரில குறையற பாடங்களை, தேடி அலையற பசங்களை நானே பார்த்திருக்கேன், மனசு கேக்க மாட்டேங்குது.

அதனால மொதல் வேலையா யூகே எனிக்ல (வெளிநாட்டு டிகிரி இங்க எதுக்குச் சமம்னு சொல்ற அமைப்பு) ஸ்டேட்மென்ட் வாங்கிட்டு ஐபிஎம்எஸ்ல டிகிரி அசெஸ்மென்ட்டுக்கு அப்ளை பண்ணுங்க. மார்க் ஷீட் மட்டும் போதாது, ஒவ்வொரு பேப்பர்லயும் என்ன பாடம் நடத்தினாங்கன்னு சிலபஸ் வேணும். எங்க அப்பா இதுக்காக என் காலேஜ் ஆபீசுக்கு மூணு நடை நடந்தார், ரெண்டு தடவை கிளார்க் லீவு, மூணாவது தடவை பழைய சிலபஸ் புக்கை பீரோல இருந்து தூசி தட்டி எடுத்து பக்கம் பக்கமா ஜெராக்ஸ் போட்டு பிரின்சிபால் சீல் வாங்கி அனுப்பினார். இன்னும் ஊரை விட்டுக் கிளம்பாதவங்க யாராவது இதைப் படிச்சா சிலபஸையும் டிரான்ஸ்கிரிப்டையும், போலீஸ் கிளியரன்ஸையும், ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்ட சீட்டையும் கையோட எடுத்துட்டு வந்துடுங்க.

எனக்கு அசெஸ்மென்ட்ல என்ன வந்துச்சுன்னா மைக்ரோ, இம்யூனோ மாதிரி சிலது ஓகே, நாலு மாட்யூல் குறையுதுன்னு சொல்லிட்டாங்க. அந்த நாலை மட்டும் வேலை பார்த்துக்கிட்டே ஆன்லைன்ல படிச்சு முடிச்சேன், முழு எம்எஸ்சி பீஸோட பார்த்தா ரொம்பக் கம்மி. ஊர்ல ஆஸ்பத்திரி லேப்ல நிஜமாவே பல வருஷம் வேலை பார்த்தவங்க, பிஎஸ்சி எம்எல்டி படிச்சவங்க, எச்சிபிசியோட இன்டர்நேஷனல் ரூட்ல நேரா அப்ளை பண்ண முடியுமான்னு முதல்ல பாருங்க.

இதெல்லாம் நடக்கிற வரைக்கும் வீட்ல உக்காராதீங்க, வேர்ஹவுசும் வேணாம், மெடிக்கல் லேபரட்டரி அசிஸ்டென்ட் வேலைக்குப் போடுங்க. என்எச்எஸ்ல, அதாவது இங்க அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல, அது பேண்ட் 2 இல்லன்னா 3, பேண்ட்ங்கிறது சம்பள கிரேடு. இங்கிலாந்துல 2025-26 கணக்குக்கு பேண்ட் 3 வருஷத்துக்கு 24,937 பவுண்டுல ஆரம்பமா இருந்துச்சு, ரிஜிஸ்டர் ஆகி பேண்ட் 5 போனா 31,049. டிபென்டென்ட் விசால வேலை பார்க்க தடை இல்ல. ஸ்டூடன்ட்டா வந்து படிப்பு முடிச்சதும் கிடைக்கிற கிராஜுவேட் விசால இருக்கிறவங்க மட்டும் கவனமா இருங்க, இந்தச் சம்பளத்துக்கு வேலை விசாவுக்கான ஸ்பான்சர்ஷிப் நடக்காது, விசா முடியறதுக்குள்ள ரிஜிஸ்ட்ரேஷனை முடிக்கப் பாருங்க.

அந்த வேலை எப்படி இருக்கும்னு கேக்கறாங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு ஜிபி சர்ஜரிங்கள்ல (குடும்ப டாக்டர் கிளினிக்) இருந்து வேன் வரும், பை பையா சாம்பிளைக் கொட்டுவாங்க. ஒவ்வொரு டியூபையும் எடுத்து பேர், பிறந்த தேதி, பத்து இலக்க என்எச்எஸ் நம்பர் மூணும் பாரத்தோட ஒத்துப் போகுதான்னு பார்க்கணும். லைட் ப்ளூ மூடி டியூப்ல கோடு வரைக்கும் ரத்தம் இல்லன்னா ரத்தம் உறையறதைப் பார்க்கிற க்ளாட்டிங் டெஸ்ட்டுக்கு ஆகாது. ஒரு நாள் ஒரு வார்டு சாம்பிள்ல பொட்டாசியம் தாறுமாறா ஏறி, கால்சியம் தரைக்கு இறங்கி வந்துச்சு, சீனியர் பார்த்த உடனே பர்ப்பிள் டியூப்ல எடுத்ததை மஞ்சள் டியூபுக்கு ஊத்தியிருக்காங்கன்னு சொன்னார், பர்ப்பிள்ல இருக்கிறது பொட்டாசியம் இடிடிஏ, அது கால்சியத்தைப் பிடிச்சுக்கும். நாம காலேஜ்ல படிச்ச கீலேஷன் அங்க ஒரு நோயாளியோட ரிசல்ட்டா வந்து நின்னுச்சு. அன்னைக்குத்தான் என் படிப்பு வீணாகலன்னு எனக்கே உறைச்சது. அந்த லேப் ஐபிஎம்எஸ் டிரெய்னிங் அப்ரூவல் உள்ள லேபான்னு இன்டர்வியூலயே கேளுங்க, அப்பத்தான் எச்சிபிசிக்குப் போக வேண்டிய டிரெய்னிங் ரெக்கார்டான ரிஜிஸ்ட்ரேஷன் போர்ட்ஃபோலியோ அங்கயே பண்ண வாய்ப்பு இருக்கும்.

என்எச்எஸ் ஜாப்ஸ் வெப்சைட்ல அப்ளை பண்றவங்க நிறைய பேர் சிவியை அப்படியே ஒட்டிடறாங்க, அது வேலைக்கு ஆகாது. விளம்பரத்தோட பர்சன் ஸ்பெசிஃபிகேஷன்னு ஒரு பேப்பர் இருக்கும், அதுல எசென்ஷியல்னு போட்ட ஒவ்வொரு வரிக்கும் உங்க அனுபவத்துல இருந்து ஒரு உதாரணம் எழுதுங்க, மார்க் போடறது அதை வச்சுத்தான். நிறைய அப்ளிகேஷன் வந்தா கடைசி தேதிக்கு முன்னாடியே மூடிடுவாங்க. எனக்கு பதினேழாவது அப்ளிகேஷன்லதான் இன்டர்வியூ வந்துச்சு, பேர் எழுதாத சாம்பிள் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க, நானா பேர் எழுத மாட்டேன், வார்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு பதிவு பண்ணி வைப்பேன்னு சொன்னேன்.

நல்ல மார்க் வச்சிருக்கிறவங்க எஸ்டிபியையும் பாருங்க, சயின்டிஸ்ட் டிரெய்னிங் ப்ரோக்ராம், மூணு வருஷம், பேண்ட் 6 சம்பளம் கொடுத்து மாஸ்டர்ஸும் படிக்க வைக்கிறாங்க, ஜெனோமிக்ஸ், எம்ப்ரியாலஜி, பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எல்லாம் அதுல இருக்கு. போட்டி கடுமை. சின்னக் குழந்தை இருக்கிற அம்மாக்களுக்கு ஸ்கூல் சயின்ஸ் டெக்னீஷியன் வேலை அருமையா இருக்கும், பெரும்பாலும் டெர்ம் டைம் மட்டும்தான்.

பாட்டனி, ஜுவாலஜி ஆளுங்களை யாருமே கண்டுக்கறதில்ல, அவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இங்கிலாந்துல 2024 பிப்ரவரி 12ல இருந்து பெரும்பாலான பெரிய கட்டட வேலைகளுக்கு பயோடைவர்சிட்டி நெட் கெயின் கட்டாயம், கட்டுறதுக்கு முன்னாடி இருந்த இயற்கையை விட 10 சதவீதம் கூடுதலா ஆக்கிக் கொடுத்து 30 வருஷம் பராமரிக்கணும். அதுக்கு அந்த இடத்துல என்ன புல், என்ன செடின்னு அடையாளம் காண ஆள் வேணும். எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு பாட்டனி படிச்சவ, காலேஜ்ல காஞ்ச செடியை ஹெர்பேரியம் ஷீட்ல ஒட்டின கை, மொத வருஷம் வாலன்டியரா போய் இந்த ஊர் செடிங்களைக் கத்துக்கிட்டா. இப்ப ஈகாலஜி கம்பெனில சர்வேயர். வசந்த காலத்துல ராத்திரி டார்ச் அடிச்சு குளத்துல நியூட் (பல்லி மாதிரி இருக்கிற ஒரு நீர்நில உயிரி) தேடறா, அது ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியா ஒரு இலைக்குள்ள மடிச்சு வைக்குமாம், அதைச் சொல்லும்போது அவ முகத்தைப் பார்க்கணும். கார் ஓட்டத் தெரியணும், நம்ம ஊர் லைசென்ஸ் இங்க 12 மாசம்தான் செல்லும், அதனால டெஸ்ட்டுக்கு இப்பவே புக் பண்ணுங்க.

அந்தத் தங்கச்சி லோனை நிறுத்திட்டா, அவங்க அண்ணன் நேத்து காலேஜ் ஆபீசுக்குப் போயிருக்கார். சிலபஸ் கேட்டு காலேஜுக்கு எப்படி லெட்டர் எழுதறதுன்னு வேணுங்கிறவங்க கீழ சொல்லுங்க, நான் அனுப்பின லெட்டரை அப்படியே போடறேன்.