மறு: 'ஹிஸ்டோரியேட்டட் இனிஷியல்': கதை முகப்பெழுத்து எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய சுவடிகளில் ஒரு பகுதியைத் தொடங்கும் பெரிய எழுத்துக்குள் கதைக் காட்சி வரைந்திருந்தால் அதை ஆங்கிலத்தில் 'ஹிஸ்டோரியேட்டட் இனிஷியல்' என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு வந்த 'வரலாற்று முதலெழுத்து' என்ற பரிந்துரை வேண்டாம் என்பேன். லத்தீன் 'ஹிஸ்டோரியா'வுக்குக் கதை என்ற பொருளும் உண்டு. இங்கே பொருந்துவது அதுதான். 'முதலெழுத்து' இன்னும் சிக்கல். நம் இலக்கணத்தில் உயிர் 12, மெய் 18 ஆகிய முப்பதுக்கும் அதுவே பெயர். 'தலையெழுத்து' என்றால் விதி என்றாகிவிடும்.

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். பிரிட்டிஷ் நூலகத்தில் வெஸ்பாசியன் சால்ட்டர் என்ற சுவடி இருக்கிறது. விவிலியத்தின் சங்கீதங்களை, அதாவது துதிப் பாடல்களைக் கொண்டது, 8ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உருவானது. அதில் ஒரு சங்கீதத்தைத் தொடங்கும் 'டி' (D) எழுத்தின் வளைவுக்குள் விவிலியக் கதையின் நண்பர்களான தாவீதும் யோனத்தானும் கைகோத்து நிற்கிறார்கள். இன்னொரு 'டி'க்குள் தாவீது சிங்கத்திடமிருந்து ஆட்டுக்குட்டியை மீட்கிறான். எழுத்தாக வாசிக்கவும் முடிகிறது, கதையும் கண்ணில் படுகிறது.

இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கக் கூடாது. பக்க எண் போடும் வழக்கம் வராத காலம் அது. வேண்டிய சங்கீதத்தைத் தேடிப் புரட்டுகிறவருக்குப் பெரிய எழுத்துதான் வழிகாட்டி. டப்ளினில் உள்ள கதாக் என்னும் பழைய அயர்லாந்துச் சுவடியைப் பாருங்கள். பெரிய எழுத்தை அடுத்து வருபவை ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே போய் வரியோடு கலந்துவிடும். கண் தடுக்காமல் உள்ளே இறங்கும். கி.பி. 700ஐ ஒட்டிய லிண்டிஸ்பார்ன் நற்செய்திச் சுவடியிலோ தொடக்க எழுத்துகளைச் சுற்றிச் செம்புள்ளிகளை வரிசை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அளவாலும் நிறத்தாலும் 'இங்கே தொடங்கு' என்று பக்கமே சொல்கிறது.

அந்த வேலையை வைத்துத்தான் 'முகப்பெழுத்து' என்கிறேன். வீட்டுக்கும் இணையதளத்துக்கும் முகப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம், விளக்கம் தேவைப்படாது. இதழ்க் கட்டுரைகளின் தொடக்கத்தில் வரும் பெரிய எழுத்தான 'டிராப் கேப்'புக்கும் அப்படியே பயன்படும்.

சரி, வகைகள். கொடியும் முடிச்சும் மட்டும் இருந்தால் அணி முகப்பெழுத்து. கதைக் காட்சி இருந்தால் கதை முகப்பெழுத்து. இந்த இரண்டிலும் எனக்குத் தயக்கமில்லை.

கதை எதுவும் இல்லாமல் விலங்குகளும் மனிதர்களும் கொடிகளுக்குள் ஏறித் திரியும் 'இன்ஹேபிட்டட்' வகைதான் இடிக்கிறது. 'உருவ முகப்பெழுத்து' எனலாம் என்றால், கதை வகையிலும் உருவங்கள் உண்டு. 'உயிரி' என்று போட்டால் உயிரெழுத்தோடு குழம்பும். இந்த ஒன்றுக்கு மட்டும் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள். மற்ற இரண்டையும் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.