35 தாண்டிய பொக்சர் முழு ஃபோர்மில் இருக்க முடியுமா? வீட்டில் சண்டை முடியவில்லை

மழைக்காரன் (ஹட்டன் பக்கம்):

எனக்கும் என் மச்சானுக்கும் (தங்கச்சியைக் கட்டியவர்) 2025 செப்டெம்பரில் தொடங்கிய வாக்குவாதம் இது, இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவின் க்ரோஃபோர்டும் மெக்சிகோவின் கனெலோவும் மோதின பொக்சிங் சண்டையை அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஒரே போனில் பார்த்தோம். எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) சிக்னல் கிடைப்பது ஜன்னல் கட்டையில் மட்டும்தான், அதனால் போனை பிளேன்டீ டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு 12 ரவுண்டையும் நின்றுகொண்டே பார்த்து முடித்தோம். டீ ஆறிப்போனது வேறு கதை.

க்ரோஃபோர்டுக்கு 38 முடிய இரண்டு வாரம்தான் பாக்கி. வெயிட்டிலும் இரண்டு வகுப்பு மேலே ஏறி வந்தவர். ஆனாலும் கனெலோ அடிக்கும்போதெல்லாம் ஆள் அந்த இடத்தில் இல்லை, மூன்று நடுவர்களும் க்ரோஃபோர்டுக்குத்தான் கொடுத்தார்கள். நான் சொன்னேன், இதுதான் அந்த ஆளுடைய உச்சம் என்று. மச்சான் ஒத்துக்கொள்ளவே இல்லை. 35 வந்தால் எந்த பொக்சருக்கும் கணக்கு முடிந்தது, க்ரோஃபோர்ட் நன்றாக இருந்ததால் ஜெயிக்கவில்லை, கனெலோ முடிந்துபோனதால் ஜெயித்தார் என்கிறார். அதற்கு அமெரிக்க பொக்சர் ரோய் ஜோன்ஸை இழுக்கிறார். 2003 மார்ச்சில் ஹெவிவெயிட் பட்டம் எடுத்த மனுஷன், அடுத்த வருஷம் மே மாதம் டார்வரின் ஒரே இடது கைக் குத்தில் இரண்டாவது ரவுண்டில் படுத்தார், அப்போது அவருக்கு 35. நான் நாற்பது தாண்டியும் ஜெயித்த ஹொப்கின்ஸ் பெயரைச் சொன்னால் அது தெய்வப் பிறவி, கணக்கில் சேராது என்கிறார்.

இதைக் கேட்பதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. எனக்கு 34. ஸ்கூல் காலத்தில் 18 வயது வரை கிளவுஸ் போட்டவன். அப்புறம் கொழும்பில் கடை வேலை, கல்யாணம், எல்லாம் விட்டுப்போனது. இப்போது ஆறு மாதமாக வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு உரச்சாக்கில் பழைய துணியும் மரத்தூளும் அடைத்துத் தொங்கவிட்டுக் குத்துகிறேன். முதல் மூன்று நிமிஷம் எல்லாம் வருகிறது. இரண்டாவது ரவுண்டில் கை தானாக இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. வயதா, இந்த மலை உயரமா, இல்லை எனக்கே வராதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இடதுகை (கண்டி):

உங்கள் மச்சான் ரோய் ஜோன்ஸைச் சொன்னது நல்லது, ஏனென்றால் அவரை வைத்தே பதில் சொல்லிவிடலாம். அவருடைய பழைய சண்டைகளைப் பாருங்கள், கை இரண்டும் இடுப்பில் தொங்கும், நாடியை நீட்டிக் காட்டுவார், குத்து வரும்போது தலையை மட்டும் பின்னால் இழுப்பார். அது பழகி எடுத்த தற்காப்பு இல்லை, பிறவி வேகம். அந்த வேகம் கண் இமைக்கும் நேரம் குறைந்தால் போதும், பின்னால் இழுத்த தலை குத்து வந்து முடிகிற இடத்திலேயே நிற்கும். போதாததற்கு அந்த ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஜோன் ரூயிஸோடு மோத 193 இறாத்தலில் இறங்கினவர், எட்டு மாதத்தில் மறுபடியும் 175-க்கு இறக்கினார். ஏற்றினது தசை, இறக்கினதும் தசைதான். அந்த நவம்பர் சண்டையில் டார்வரை எப்படியோ புள்ளியில் ஜெயித்தார், ஆனால் முகத்தைப் பார்த்த எவருக்கும் அடுத்த தடவை என்ன நடக்கும் என்று புரிந்திருக்கும்.

ஹொப்கின்ஸ் வேறு ரகம். 2001 செப்டெம்பரில் டிரினிடாட்டை 12-வது ரவுண்டில் நிறுத்தியபோது அவருக்கு 36. டிரினிடாட்டுக்கு 28, அதுவரை ஒரு தோல்வியும் இல்லை. அந்தச் சண்டையில் ஹொப்கின்ஸ் எங்கேயும் அவசரப்படவில்லை. ஜப் (முன்கையால் நேராகப் போடும் குத்து) போடுவார், கால் மாற்றுவார், டிரினிடாட்டின் இடது ஹூக் (வளைந்து வரும் குத்து) கிளம்பும் முன்பே அந்தப் பக்கத்தை விட்டுப் போயிருப்பார். வேகத்தை நம்பிப் பிழைக்காத ஆளுக்கு வேகம் குறைந்தால் பெரிய நஷ்டம் இல்லை. அதே ஆள் 46 வயதில் பாஸ்கலைப் புள்ளியில் தோற்கடித்து மறுபடியும் உலகப் பட்டம் எடுத்தார். கடைசியில் 51-ல் ரிங் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மச்சான் சொல்லிவிடுவார்.

உடம்பின் உச்சம் ஒன்று, தலைக்குள் இருக்கும் சண்டை அறிவின் உச்சம் ஒன்று. முதலாவது இறங்கும்போது இரண்டாவது இன்னும் ஏறிக்கொண்டு இருக்கும். நடுத்தர முப்பதுகளில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டுகிற ஓரிரண்டு வருஷம் சிலருக்குக் கிடைக்கிறது, க்ரோஃபோர்டுக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் மலை உயரம் என்பது சாக்கு. 1200 மீட்டரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது ஒரு உயரமா?

பட்டாக்காரன் (மஸ்கெலியா):

தம்பி, எனக்கு பொக்சிங் நுணுக்கம் தெரியாது, டிவியில் பார்த்ததுதான். ஆனால் 20 வருஷமாக லொறி ஓட்டுகிறேன். ஒரே வருஷத்து டிமோ பட்டா (சின்ன லொறி) இரண்டை எடுத்துக்கொள். ஒன்று நீர்கொழும்பில் பாண் ஏற்றியது, மற்றது இந்த வளைவுகளில் மரக்கறி மூட்டையோடு ஏறி இறங்கியது. புத்தகத்தில் வருஷம் ஒன்றுதான். கிளட்ச் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று மாப்பிள்ளை, மற்றது தாத்தா. வாங்க வருகிறவன் பெயின்ட்டைப் பார்ப்பான், நான் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் விட்டு சத்தத்தைக் கேட்பேன்.

கனெலோ 15 வயதிலேயே காசுச் சண்டைக்கு வந்தவர். அன்றைக்கு ரிங்கில் ஏறும்போது 67 சண்டை முடித்திருந்தார். க்ரோஃபோர்ட் 41. பிறந்த தேதியில் கனெலோ இளையவர், ஓடின ஓட்டத்தில் யார் மூத்தவர்? டைசனும் லெனொக்ஸ் லூயிஸும் 2002-ல் மோதினபோது லூயிஸ்தான் மூத்தவர், 36. டைசனுக்கு 35. பார்த்தால் அப்படியா இருந்தது? டைசன் 20 வயதில் சாம்பியன் ஆகி, எல்லாவற்றையும் சீக்கிரமே எரித்துவிட்டவர், எட்டாவது ரவுண்டில் மல்லாந்து கிடந்தார். இதில் ஜிம்மில் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) வாங்கின அடி சேரவில்லை, அதை எவனும் எண்ணி வைப்பதில்லை.

பதுளை நர்ஸ்:

அண்ணாமார் எல்லாம் பெரிய உடம்புக்காரர்களையே பேசுகிறீர்கள். வெயிட் வகுப்பு முக்கியம். ஹெவிவெயிட்டில் ஒரு குத்தின் கனம் வேலையை முடித்துவிடும், அந்தக் கனம் வயதோடு கடைசியாகத்தான் போகும். சின்ன வெயிட்டில் வேகம்தான் சோறு, அதனால் அங்கே சீக்கிரம் இறங்குவார்கள். இருந்தும் டொனெய்ர் 2021-ல் 38 வயதில் பேன்டம்வெயிட் பட்டத்தை நொக்அவுட்டில் எடுத்தார். மேரி கோம் 2018-ல் டில்லியில் 48 கிலோவில் ஆறாவது உலகத் தங்கம் வாங்கியபோது முப்பதுகளின் நடுவில் இருந்தார், மூன்று பிள்ளை பெற்ற தாய். ஒருவரும் அவரைச் சொல்லவில்லையே? அமெச்சூரில் 40 தாண்டினால் சர்வதேசப் போட்டியில் விடமாட்டார்கள், அவரையும் கடைசியில் அந்த விதிதான் நிறுத்தியது.

தம்பி மழைக்காரன், உங்கள் கை இறங்குவதற்குப் பாதிக் காரணம் 16 வருஷ இடைவெளி. வயதோடு இதயத்தின் அதிகபட்சத் துடிப்பு கொஞ்சம் குறையும், அது எந்தப் பயிற்சிக்கும் திரும்பி வராது. ஆனால் 34-ல் அது உங்களை இரண்டாவது ரவுண்டில் நிறுத்துகிற அளவுக்கு இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு குத்துகிறீர்களா என்று பாருங்கள், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு தடவை பிரஷரும் கண்ணும் காட்டிவிட்டு வாருங்கள். சாக்கைக் குத்துங்கள், கயிறு தாண்டுங்கள், மேடு ஓடுங்கள். இருபது வயதுப் பையன்களோடு தலைக்கு அடிவாங்கும் ஸ்பாரிங் மட்டும் வேண்டாம். ஒரு தலைவலி இரண்டு நாள் நின்றால் டொக்டரிடம் போங்கள், பெனடோலைப் போட்டு மறைக்காதீர்கள். வார்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், விபத்தில் தலை அடிபட்டவர்களில் பாதிப்பேர் முதலில் சொல்வது "ஒன்றும் இல்லை மிஸ்" என்றுதான்.

ஜன்னல் கட்டை:

அந்த மச்சான் நான்தான். லிங்கை அனுப்பி வைத்திருக்கிறார், வாசித்தேன். போனும் என்னுடையது, டேட்டாவும் என்னுடையது என்பதை எழுதவில்லை பாருங்கள்.

நீங்கள் எல்லோரும் சொல்கிற பெயர்களை எண்ணினால் இரண்டு கையில் அடங்கும். 35-க்கு மேல் ரிங்கில் ஏறி அடிவாங்கிப் போனவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, அதனால் எழுதவில்லை. அலியையே எடுங்கள். 1980-ல் ஹோம்ஸ் முன்னால் நின்றபோது 38. அவரை விட சண்டை அறிவு உள்ளவர் யார்? பத்து ரவுண்டு சும்மா நின்று அடிவாங்கினார், அப்புறம் அவருடைய கோர்னரே (பயிற்சியாளர் பக்கமே) நிறுத்தியது. அறிவு ஏறிக்கொண்டே இருக்கும் என்று இடதுகை அண்ணன் சொன்னது அன்றைக்கு எங்கே போனது? கனெலோ முடிந்துபோன ஆள், அவ்வளவுதான்.

இடதுகை (கண்டி):

அலி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அறிவு இருந்தாலும் அதைச் செய்ய ஒரு உடம்பு வேண்டும், ஃபிரேசியர், ஃபோர்மன், நோர்ட்டன் என்று வாங்கின அடியில் அது தீர்ந்துபோயிருந்தது. பட்டாக்காரர் சொன்ன கதைதான்.

ஆனால் கனெலோவில் ஒரு இடம் உங்களுக்கு உதைக்கிறது. 2013 செப்டெம்பரில் அவர் மேவெதரிடம் தோற்றார். கனெலோவுக்கு அப்போது 23, மேவெதருக்கு 36. ஒரு நடுவர் சமம் என்று கொடுத்தார், அது எந்தச் சண்டையைப் பார்த்துக் கொடுத்தாரோ தெரியாது. 23-லும் தன்னைவிட மூத்தவரிடம் தோற்றார், 35-லும் மூத்தவரிடம் தோற்றார். அப்படியென்றால் அவர் எப்போது முடிந்துபோனார், மேவெதர் காலத்திலேயா? உசிக், பியூரி 2024 மே சண்டையையும் பாருங்கள், 37-ம் 35-ம் மோதி, 37 வயது உசிக்தான் ஹெவிவெயிட்டின் எல்லாப் பட்டங்களையும் எடுத்தார்.

மழைக்காரன் (ஹட்டன் பக்கம்):

மேவெதர் சண்டையை நானே மறந்துபோனேன், ஆறு மாதம் வீணாகக் கத்தியிருக்கிறேன். நர்ஸ் அக்காவுக்கு நன்றி. மூச்சை அடக்குகிறேனா என்று இன்று பின்னேரம் பார்த்தேன். ஆமாம், ஒவ்வொரு குத்துக்கும் அடக்குகிறேன். 'ஸ்ஸ்' என்று விட்டுக்கொண்டே குத்தினேன், பக்கத்து லயத்துப் பிள்ளைகள் குக்கர் விசில் என்று சிரித்தார்கள், ஆனால் இரண்டாவது ரவுண்டு முடிய அரை நிமிஷம் இருக்கும்வரை கை மேலேயே இருந்தது.

ஜன்னல் கட்டை:

மேவெதரிடம் தோற்றது வேறு, அப்போது சின்னப் பையன். சரி, அதை நேரில் பேசுவோம். சாக்கு ஆடுகிறது மச்சான், இன்று தூரத்தில் நின்று பார்த்தேன். ஒருவர் பிடிக்க வேண்டும். நாளைக்கு மழை விட்டால் வருகிறேன், நேரமும் என் போனிலேயே வைக்கலாம்.