ரீச்சுக்கு ‘எட்டுகை’ என்று சொல்லலாமா?

நண்பர்களே,

ஒரு டிவி நிகழ்ச்சியைக் கொஞ்ச நேரமாவது பார்த்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்கை ஆங்கிலத்தில் ரீச் (reach) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘சென்றடைவு’ போதும் என்று முந்தைய மடலில் வந்திருந்தது. எனக்கு உடன்பாடில்லை. சென்றடைவது பார்சல். இங்கே நாம் எண்ணுவது பார்த்த ஆளை.

2023 கிரிக்கெட் உலகக்கோப்பை இறுதியாட்டத்தை எங்கள் வீட்டில் நான் முதல் பந்திலிருந்து பார்த்தேன். அம்மா சமையலுக்கு நடுவே வந்து வந்து போனார். அத்தை காபி டம்ளரோடு கூடத்தில் நின்று, டிராவிஸ் ஹெட் அடித்த ரெண்டு பவுண்டரியைப் பார்த்துவிட்டு ‘இது தேறாது’ என்று உள்ளே போய்விட்டார். குறைந்தது ஒரு நிமிடம் பார்த்தால் போதும் என்பது டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் இந்தியா (BARC) அமைப்பின் கணக்கு, அதனால் ரீச்சில் மூவரும் ஆளுக்கு ஒன்று. நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கூட்டிச் சராசரி எடுத்தால் அத்தை கிட்டத்தட்டக் காணாமலே போவார். அத்தை செய்ததற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது, எட்டிப் பார்த்தார். எட்டுதல் என்றால் ரீச் என்ற பொருளும் அதிலேயே கிடக்கிறது. அதனால்தான் எட்டுகை. ‘ஒரு நிமிட எட்டுகை’, ‘இருபது நிமிட எட்டுகை’ என்று ஒட்டுப் போடவும் வளைந்து கொடுக்கும். ‘எட்டு கோடி எட்டுகை’ வாயில் இடறும்தான், 8 கோடி என்று எண்ணில் எழுதினால் தீர்ந்தது.

நிமிடத்துக்கு நிமிடம் கூட்டி எடுக்கும் அந்தச் சராசரிக்கு வந்த ‘சராசரிப் பார்வையாளர்’ வேண்டவே வேண்டாம், சராசரி மனிதன் மாதிரி யாரோ ஒரு சாதாரண ஆள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘நிமிடச் சராசரி’ போதும்.

இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் ‘பார்வையாளர் எண்ணிக்கை’ என்று எழுதுவதால்தான் குழப்பம். 2010 கால்பந்து உலகக்கோப்பையின் ஸ்பெயின்–நெதர்லாந்து இறுதியாட்டத்தை வீட்டிலிருந்து பார்த்தவர்கள் ஃபிஃபா கணக்கில் எட்டுகையாக 91 கோடி, சராசரியாக 53 கோடி. ஒரே ஆட்டம்! அப்புறம் 2022 கால்பந்து உலகக்கோப்பை இறுதியாட்டத்துக்கு ஃபிஃபா சொன்ன கிட்டத்தட்ட 150 கோடியையும் அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலுக்கு 2024இல் வந்த 12.34 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். முன்னது எட்டுகை, பின்னது நிமிடச் சராசரி. அந்தச் சூப்பர் பவுலின் எட்டுகை 20 கோடியைத் தாண்டியது. கால்பந்துதான் பெரிது, அதில் சந்தேகமில்லை, ஆனால் பன்னிரண்டு மடங்கு என்று எழுதுவது தப்பு.

ஹாட்ஸ்டாரில் அதே 2023 ஆட்டத்துக்கு வந்த 5.9 கோடி இரண்டிலும் சேராது, அது ஒரே நொடியில் இருந்தவர்களின் உச்சம். ‘ஒரேநேர உச்சம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், கொஞ்சம் நீளம். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?