நோர்வேயில பேர்கன் – ஸ்தவாங்கர்: பிளேன் 35 நிமிசமெண்டால் எத்தினை மணிக்கு வெளிக்கிடோணும்?

புதுவரவு: உறவுகளே, அவசரம். நாளைக்கு ஸ்தவாங்கரில நேர்முகம். வான்வழி 160 கிலோமீற்றர், பறப்பு 12 நிமிசமெண்டு ஒரு தளம், 42 எண்டு இன்னொண்டு, ரிக்கெற்றில 35. எதை நம்புறது? காரில போனால் கெதியோ?

மழைக்குடை: 160ஐ மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தால பிரிச்சால் 12 நிமிசம். ஏற, இறங்க எண்டு 30 கூட்டினால் 42. ரெண்டும் வெறுங்கணக்கு. இந்தக் குட்டித் தூரத்தில பிளேன் அந்த வேகத்தைப் பிடிக்க முதலே இறங்கத் தொடங்கியிடும். ரிக்கெற்றில உள்ளது கேற்றை விட்டு அசையிறதில இருந்து மற்றக் கேற்றில நிக்கிற வரைக்கும். அதை நம்புங்கோ.

தெற்குவீதி: ரெயினில போங்கோ, கரைச்சல் இல்லை.

மழைக்குடை: எந்த ரெயின்? நேர்த் தண்டவாளமே இல்லை. ஒஸ்லோ சுத்தோணும்: அங்க போக ஆறரை, ஏழு மணித்தியாலம், பிறகு ஸ்தவாங்கருக்கு எட்டு.

ஈ39: கார்தான் திறம். 210 கிலோமீற்றர், ஐஞ்சு மணித்தியாலம். ஹால்யெம்–சன்விக்வோக் ஃபெர்ரி முக்கால் மணி, ஆர்ஸ்வோகன்–மோர்தாவீக்கா 25 நிமிசம். ஊரில காரைநகர்ப் பாதை (மிதவை) மாதிரிக் கண்மூடித் திறக்க இறங்கேலாது.

தெற்குவீதி: ரூக்ஃபாஸ்ட் எண்டு கடலுக்கடியில கட்டுற ரோட்டுச் சுரங்கம் முடிஞ்சால் ஃபெர்ரியே இல்லையெண்டாங்கள். எப்ப முடியும்? இந்த நாட்டில ரோட்டும் இல்லை, மழையும் விடாது, நோர்ஸ்க் (நோர்வே மொழி) தெரியாட்டி வேலையும் இல்லை.

ஈ39: அது முடிஞ்சாலும் மோர்தாவீக்கா ஃபெர்ரிதான் இல்லாமப் போகும். ஹால்யெம் ஃபெர்ரி அப்பிடியே இருக்கும்.

மழைக்குடை: புலம்பலை விடுங்கோ. தங்கச்சி, நேர்முகம் எத்தினை மணிக்கு? ஆர் கூட வருகினம்?

புதுவரவு: காலமை 10 மணிக்கு, நகருக்குள்ள. கைப்பை மட்டும்தான் அண்ணை. மகளும் வாறா, போன மாதம் 2 வயசு முடிஞ்சுது. மடியில வைக்கிற ரிக்கெற்தான் எடுத்தன்.

மழைக்குடை: முதல் அதை மாத்துங்கோ. 2 முடிஞ்சால் தனிச் சீற் வேணும், மடியில விடமாட்டினம். பிறகு பின்னாலயிருந்து எண்ணுங்கோ: ஸ்தவாங்கரின்ர சூலா விமானநிலையத்தில இருந்து நகர் 14 கிலோமீற்றர், பஸ்ஸுக்கு அரை மணி. எட்டுக்கு இறங்கிற பிளேன் எண்டால் ஆறரைக்கு பேர்கன் விமானநிலையம் ஃப்ளெஸ்லாண்டில நிக்கோணும். நகரிலயிருந்து பீபானன் (ட்ராம்) 45 நிமிசம். அப்ப ஐஞ்சரைக்கே வெளிக்கிடோணும். ஆனா காலமை பனிப்புகாரால அந்தப் பிளேன் ரத்தானால் காரில ஓடினாலும் பத்துக்குப் போய்ச் சேரேலாது. இண்டைக்குப் பின்னேரப் பிளேனில இடமிருந்தால் மாத்துங்கோ.

ஈ39: ரத்தானால் காசு தருவினம்தானே?

மழைக்குடை: பனிப்புகாருக்கு இழப்பீடு இல்லை. மாற்றுப் பிளேன் அல்லது ரிக்கெற் காசு, காத்திருக்கிற நேரம் சாப்பாடு, இவை கேக்கலாம். சாப்பாடு வாங்கின பில்லுகளை எறியாதேங்கோ. மற்றது, கைப்பையில தயிர், ஊறுகாய் 100 மில்லிக்கு மேல வேண்டாம். பிள்ளையின்ர பாலை வெளிய எடுத்துக் காட்டுங்கோ, விடுவினம்.

புதுவரவு: இரவு பிளேனுக்கு மாத்தி மகளுக்கும் சீற் எடுத்திட்டன். பீபானன் எங்க ஏறுறது?

மழைக்குடை: பீபார்க்கனில, லைன் 1. லைன் 2 ஃபில்லிங்ஸ்டாலன் போகும், மாறி ஏறிப்போடாதேங்கோ.