மலை ரோட்டில் கல் விழுந்த அனுபவம் யாருக்கெல்லாம் உண்டு?

மணிமுத்தாறு அருவி தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும்போது எனக்கு நேர்ந்தது. ஐப்பசி அடைமழை விட்டு நல்ல வெயில் அடித்த நாள், இனி பயமில்லை என்று நம்பித்தான் கிளம்பினோம், ஒரு வளைவில் டிரைவர் சட்டென்று ஜீப்பை நிறுத்தி மேலே எட்டிப் பார்த்தார். பொடிக்கல் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. "கொஞ்சம் பொறுங்க, பின்னாலயே பெருசு வரும்" என்றார். வந்தது. ஆட்டுரல் அளவு இருக்கும், ரோட்டில் மோதி எதிர்ப்பக்கப் பள்ளத்தில் போய் விழுந்தது. மழைதான் நின்றுவிட்டதே, அப்புறம் ஏன் விழுகிறது?

---

அண்ணாச்சி, மழை விட்டாலும் வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் உடனே வடியாது. நம்ம மலையில் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் என்ற பாறை வகைகள்தான், கல் என்று பார்த்தால் படு கெட்டி. ஆனால் வெடிப்பு ரோட்டைப் பார்த்துச் சரிந்திருந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரின் அழுத்தமே துண்டைத் தள்ளிவிடும், ஆலோ அரசோ வேர் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மலைச்சாலை வேலையில் இருந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். எல்லாரும் மேலே பார்ப்பார்கள், நான் கீழே வாறுகாலை, அதாவது ரோட்டோரப் பள்ளத்தைப் பார்ப்பேன். அமெரிக்காவில் ஓரிகன் மாநில நெடுஞ்சாலைத் துறை, கல் விழும் ஆபத்தை அளக்க உருவாக்கிய மதிப்பெண் முறையில் மார்க் கூடக்கூட ஆபத்தும் கூட என்று அர்த்தம்; சரிவின் உயரம், கல்லின் அளவு, தண்ணீர், ரோட்டின் அகலம் என்று ஒவ்வொன்றுக்கும் 3, 9, 27, 81 என மூன்று மடங்காக ஏறும். விழும் கல்லை ரோட்டோரப் பள்ளம் நன்றாகப் பிடித்தால் 3, பிடிக்கவே பிடிக்காவிட்டால் 81. நம்ம ஊரில் பல இடத்தில் வாறுகால் இருக்கிறது, ஆனால் போன வருஷம் சரிந்த மண்ணும் கல்லும் அதிலேயே கிடக்கிறது, புதுசாக விழுவது அதன்மேல் உருண்டு நேராக ரோட்டுக்கு வருகிறது. கம்பி வலை, பாறையை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் எல்லாம் பெரிய செலவு, சரி. வாறுகாலில் கிடப்பதை அள்ள ஒரு ஜேசிபி போதாதா?

---

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனபோது, காரையாறு ரோட்டில் வண்டிகள் வரிசையாக நின்ற இடத்தில் எங்கள் கார் கண்ணாடி போச்சு. மழையே இல்லை. மேலே குரங்குக் கூட்டம். இதற்கு எத்தனை மார்க் அண்ணாச்சி?

---

குரங்குக்குத் தனி மார்க் கிடையாது! ஆனால் சரிவுக்குக் கீழே வண்டி எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு உண்டு, திருவிழா நெரிசலில் அது எகிறிவிடும். முன்னால் கல் விழுந்த இடமா என்பதற்கும் உண்டு. எந்த வளைவு, என்ன தேதி, கல் எவ்வளவு பெரிது என்று படத்தோடு இங்கேயே போடுங்கள், மற்றவர்களும் போடட்டும், மனு எழுதும்போது சேர்த்துக் கொடுக்கலாம்.