உப்புவெளியில் நல்ல கோப்பி போட வேண்டும்: கொட்டை எங்கே வாங்குவது, ருசி எப்படிப் பழகுவது?

உப்புவெளிக்_கடைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். உப்புவெளியில் கடற்கரைப் பக்கம் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும்தான் வெளிநாட்டுச் சனம், மாரி இறங்கினால் ஊர்க்காரரும் நாய்களும்தான். காலையில் வருகிறவர்கள் முன்பெல்லாம் ஒரு பால்கோப்பி குடித்துவிட்டுப் பேசாமல் போவார்கள். இப்போது எந்தத் தோட்டத்துக் கொட்டை, எப்போது வறுத்தது என்று கேட்கிறார்கள், நான் பக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் காலாவதித் திகதி மட்டும்தான் இருக்கிறது.

பழைய எஸ்பிரெசோ மெஷின் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இலங்கைக் கொட்டையே போட வேண்டும் என்பது என் ஆசை. கொழும்பில் ஒருவர் தருகிற பக்கெட்டில் "84 புள்ளி" என்று அடித்திருக்கிறது, விலையோ சாதாரணத் தூளைவிடப் பல மடங்கு. இந்தப் புள்ளியை யார் போடுகிறார்கள், நம்பலாமா? ருசி பார்க்க எப்படிப் பழகுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் கசக்குது, சீனி காணாது, அவ்வளவுதான். அப்புறம், கடையில் என்னோடு நிற்கிற அக்காவின் மகனுக்கு பரிஸ்டா (கடையில் கோப்பி போடுகிறவர்) போட்டிக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். திருகோணமலையில் இருந்துகொண்டு அதெல்லாம் நடக்கிற காரியமா?

பதுளை_வறுவல்:

அக்கா, முதலில் புள்ளியைப் பார்ப்போம். மொத்தம் 100, அதில் 80 அல்லது அதற்கு மேல் எடுத்தால்தான் ஸ்பெஷல்டி, அதாவது உயர்தரக் கோப்பி. பரீட்சை எழுதித் தேறிய ருசிபார்ப்பவர்கள் இருக்கிறார்கள், கியூ கிரேடர் என்பார்கள். மணம், ருசி, புளிப்பு, வாயில் நிற்கிற கனம், விழுங்கிய பிறகு மிஞ்சுகிற ருசி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுவார்கள். பச்சைக் கொட்டையையும் 350 கிராம் எடுத்துக் கொட்டிப் பொறுக்கிப் பார்ப்பார்கள். முழுக்கக் கறுத்தது, முழுக்கப் புளித்தது மாதிரிப் பெரிய குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது, சின்னக் குறை ஐந்தைத் தாண்டக் கூடாது. ஆகவே 84 என்பது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது அன்றைக்கு மேசையில் இருந்த சாம்பிளுக்குக் கிடைத்த புள்ளி. அதே மூட்டை கடற்காற்றில் ஒரு வருஷம் கிடந்தால் பக்கெட்டில் 84 அப்படியே இருக்கும், கோப்பைக்குள் இருக்காது. யார் போட்டது, எந்த அறுவடை, எந்த மாதம் ருசி பார்த்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணை மறந்துவிட்டு நாக்கை நம்புங்கள்.

விலைக்கு வருவோம். எங்கள் பக்கம் கோப்பி பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்தில் மிளகோடும் பலாவோடும் நிற்கிற சில மரங்கள்தான். சேகரிக்கிறவர் எல்லா வீட்டுக் கொட்டையையும் ஒரே சாக்கில் போடுகிறார். பழமும் காயுமாக ஒரே உருவலில் உருவி, தெருவோரத்தில் காயப்போட்டால் அவருக்கும் ஒரே விலைதான், பிறகு யார் பொறுமையாகப் பறிப்பார்கள்? நல்ல கோப்பிக்கு சிவந்த பழத்தை மட்டும் பறிக்க ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதை அள்ளி எறிய வேண்டும், தட்டுக் கட்டி உயரத்தில் காயவைத்து ஈரப்பதத்தை 10 முதல் 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏறக்குறைய ஆறு கிலோ பழம் ஒரு கிலோ பச்சைக் கொட்டையாகும், அதை வறுத்தால் இன்னும் 15 சதவீதம் போல எடை போய்விடும். இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் அந்த விலையைத் திட்ட மனம் வராது.

பச்சைக் கொட்டை வாங்கிச் சேமிக்கிற எண்ணம் இருந்தால் இப்போதைக்கு விடுங்கள், உங்கள் காற்றுக்கு அது சரிவராது. கண்டியிலோ பதுளையிலோ சின்னதாக வறுக்கிற ஒருவரைப் பிடித்து, கிழமைக்கு இரண்டு கிலோ பஸ்ஸில் போடச் சொல்லுங்கள். தோட்டக்காரரை நேரே தேட வேண்டுமென்றால் பேராதனையில் இருக்கிற ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்துக்குத்தான் கோப்பியும் சேரும், அங்கே கேட்டால் வழி காட்டுவார்கள்.

பெரியகடை_மச்சான்:

84ஓ 94ஓ, மேலே பாலும் சீனியும் ஊற்றின பிறகு யாருக்குத் தெரியப் போகுது? எங்கள் சனத்துக்குக் கோப்பி என்றால் கறுப்பாக, கடுப்பாக இருக்க வேண்டும். அரபிக்கா என்கிற மென்மையான இனத்தைப் பாலில் போட்டால் கோப்பியே காணாமல் போய்விடும், ரொபஸ்டா என்கிற கடுமையான இனம்தான் நின்று பேசும். வெள்ளைக்காரர் செப்டெம்பரோடு போய்விடுவார், அதற்குப் பிறகு யாருக்கு அக்கா இந்த நாவற்பழ வாசக் கோப்பி?

தோஹா_ரிட்டர்ன்:

தோஹாவில் கோப்பிக் கடையில் நின்றவன் நான், இப்போது சீனன்குடா.

ருசி பழக மெஷினே தேவையில்லை. ஒரே அளவுக் கண்ணாடிக் கிளாஸ்கள், ஒரு தராசு, கேத்தல், கரண்டி போதும். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் என்பது எஸ்.சி.ஏ. என்கிற ஸ்பெஷல்டி கோப்பிச் சங்கத்தின் பழைய கணக்கு, உங்கள் கிளாஸ் 200 மில்லி பிடிக்குமென்றால் 11 கிராம். கொரகொரப்பாக அரைத்து முதலில் காய்ந்த தூளை மணந்து பாருங்கள். கொதித்து அடங்கின தண்ணீரை, 93 பாகை போல, நேரே ஊற்றிவிட்டு நாலு நிமிஷம் தொடாதீர்கள். மேலே கட்டின தோலைக் கரண்டியால் உடைக்கும்போது மூக்கைக் கிட்ட வைத்திருங்கள், பாதிச் செய்தி அந்த ஒரு மூச்சில் வந்துவிடும். நுரையை வழித்துவிட்டு, பத்து நிமிஷத்துக்குப் பிறகு சத்தமாக உறிஞ்சுங்கள், வெட்கப்படக் கூடாது. முக்கியமானது இனித்தான்: ஆற ஆறத் திரும்பத் திரும்பக் குடியுங்கள். சூடு நிறையக் குறையை மறைக்கும். நல்ல கொட்டை ஆறினால் இனிக்கும், கெட்டது ஆறினால் சாக்கு, மருந்து, புளித்த கள்ளு என்று காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் இப்போது பாவிக்கிற தூளையும் பக்கத்தில் வையுங்கள். கோப்பி வாசங்களை வட்டமாக எழுதின ருசிச் சக்கரத்தில் இருக்கிற ப்ளூபெர்ரியை நாங்கள் எங்கே கண்டோம், நாவல், விளாம்பழம், பனங்கட்டி, பழப்புளி என்றே கொப்பியில் எழுதுங்கள், அடுத்த முறை குடிக்கும்போது உங்களுக்கு விளங்கினால் சரி.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரில் எந்த 84 புள்ளியும் செத்துப்போகும். கரைந்திருக்கிற உப்புக்கள் லீற்றருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருப்பது நல்லது, 250ஐத் தாண்டவே கூடாது. அளக்கிற சின்ன மீற்றர் மலிவு, முதலில் அதை வாங்குங்கள். அதற்காக ஆர்.ஓ. வடிகட்டியில் உப்பெல்லாம் எடுத்த தண்ணீரை மட்டும் ஊற்றவும் வேண்டாம், ருசி சப்பென்று போகும், சில மெஷின்களில் பொய்லருக்குள் தண்ணீர் மட்டம் பார்க்கிற கம்பி அந்தத் தண்ணீரை உணராது. கலந்து பாவியுங்கள்.

அக்காவின் மகன் விஷயம். உலக பரிஸ்டா போட்டியில் 15 நிமிஷத்துக்குள் நாலு எஸ்பிரெசோ, நாலு பால் பானம், சொந்தமாக உருவாக்கின பானம் நாலு, பேசிக்கொண்டே கொடுக்க வேண்டும். அதற்கு நல்ல மெஷின், விலைகூடின கொட்டை, சொல்லித்தர ஆள், எல்லாம் காசு. ஆனால் கப் டேஸ்டர்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. மூன்று கோப்பை ஒரு செட், இரண்டு ஒன்றுபோல, ஒன்று வேறு. அப்படி எட்டு செட்டிலும் வேறானதை எட்டு நிமிஷத்துக்குள் பிடிக்க வேண்டும். பேச்சும் இல்லை, அலங்காரமும் இல்லை, சரியாகச் சொன்னது எத்தனை, எவ்வளவு சீக்கிரம், அவ்வளவுதான். உப்புவெளிக் குசினியில் பழகக்கூடிய போட்டி இது. நீங்கள் கோப்பையின் அடியில் புள்ளி குத்தி வையுங்கள், அவன் கண்டுபிடிக்கட்டும். உலகப் போட்டிக்கு நேரே போக முடியாது, நாட்டுப் போட்டியில் வெல்ல வேண்டும். கொழும்புப் பிள்ளைகளுக்குத்தான் என்று அவன் சோர்ந்தால், 2011இல் போகோட்டாவில் பரிஸ்டா பட்டம் எடுத்த அலெஹாந்திரோ மெண்டெஸ் எல் சல்வடோர்காரர், கோப்பி விளைகிற நாட்டிலிருந்து வந்த முதல் சாம்பியன் என்று சொல்லுங்கள். 2024இல் பூசானில் வென்ற மிக்கேல் ஜாசின் இந்தோனேசியா.

உப்புவெளிக்_கடைக்காரி:

பெரிய உதவி, இரண்டு தம்பிமாருக்கும் நன்றி. எங்கள் கிணறு லேசாக உவர்தான், அதில்தான் இவ்வளவு நாளும் போட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லையே! மச்சான் சொன்ன ரொபஸ்டாவில் நல்லது என்று ஒன்று உண்டா, அல்லது அது மலிவுச் சரக்கு மட்டும்தானா? மாரிக்கு உள்ளூர்ச் சனத்தையும் பார்க்க வேண்டுமே.

பதுளை_வறுவல்:

உண்டு அக்கா. ஃபைன் ரொபஸ்டா என்று தனித் தரமே வைத்திருக்கிறார்கள், அதற்கென்று தனியாகப் பரீட்சை எழுதின ருசிபார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் குடித்து வளர்ந்த ரொபஸ்டா ரப்பர் மாதிரி நாறுவதற்குப் பாதிக் காரணம் காயோடு பறித்துக் கருக வறுப்பது. பழமாகப் பறித்து அளவாக வறுத்தால் கொக்கோ, வறுத்த கச்சான் வாசம் வரும். பாலுக்கு நாலில் ஒரு பங்கு அதைக் கலந்து பாருங்கள், மச்சான் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கறுப்பாகக் கேட்கிறவருக்கு அரபிக்காவைத் தனியாக வையுங்கள். எது அனுப்பினாலும் வறுத்த திகதி எழுதச் சொல்லுங்கள், எஸ்பிரெசோவுக்கு ஒரு கிழமை போல ஆறவிட்டுப் பாவியுங்கள்.

பெரியகடை_மச்சான்:

நியாயம் இருக்கிறதாம்! எழுத்தில் வந்துவிட்டது, அழிக்க வேண்டாம். ருசி பார்க்க மேசை போடும் நாளைச் சொல்லுங்கள் அக்கா, சீனிப் போத்தலோடு வாறேன்.

தோஹா_ரிட்டர்ன்:

சீனியை வெளியே வைத்துவிட்டு வா. அக்கா, கிரைண்டர் இன்னும் வாங்கவில்லை என்றால் மெஷின் செலவுக்கு வைத்திருந்த காசையும் அதில் போடுங்கள். பிளேட் (சுற்றி வெட்டுகிற அலகு) உள்ளது வேண்டாம், பர் (அரைக்கிற பல்வட்டு) உள்ளது. பழையது என்றாலும் பரவாயில்லை, பர்ரை மாற்றலாம், அந்த மாடலுக்குக் கொழும்பில் சாமான் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.