நுகத்தண்டு: ‘ஸ்ட்ரட் பார்’ என்பதற்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

சிறு கார்களின் பானட்டுக்கு அடியில், தனியாக வாங்கிக் குறுக்கே பொருத்தும் ‘ஸ்ட்ரட் பார்’ என்ற தண்டைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு முட்டுத்தண்டு, அடிச்சட்ட வலுவூட்டி, பிணைப்புக் கம்பி, தோள்பட்டைச் சட்டம் என நான்கு விடைகள் இதுவரை வந்துள்ளன. என் அக்காள் மகன் தன் காரில் அதைப் பொருத்தியபோது சேலத்துப் பட்டறை ஒன்றில் அரை நாள் உடனிருந்து பார்த்தேன். அங்கே கண்டதை வைத்து இந்த நான்கையும் எடைபோட்டு, ஐந்தாவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் முட்டுத்தண்டு. ‘ஸ்ட்ரட்’ என்றால் கட்டடத் துறையில் அமுக்குவிசையைத் தாங்கும் முட்டு என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பெயரில் உள்ள ‘ஸ்ட்ரட்’ அந்தத் தண்டைக் குறிக்கவில்லை. ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் மெக்ஃபர்சன் வடிவமைத்து, 1950இல் பிரிட்டனில் வெளிவந்த கான்சல் காரில் இடம்பெற்ற அமைப்பில், சுருள்வில்லும் அதிர்வுத்தாங்கியும் ஒரே காலாகச் சேர்ந்து சக்கரத்துக்கு மேலே செங்குத்தாக நிற்கின்றன. அந்தக் காலுக்குத்தான் ‘ஸ்ட்ரட்’ என்று பெயர். இன்று நம் ஊரில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் இந்த அமைப்பில்தான் உள்ளன. இடக்கால், வலக்கால் இரண்டின் உச்சியையும் இணைக்கும் தண்டு என்பதால் அது ‘ஸ்ட்ரட் பார்’ ஆயிற்று. முட்டுகளை இணைப்பதை முட்டு என்றே மொழிபெயர்த்தால், இரண்டு தூண்களுக்கு மேல் கிடக்கும் உத்திரத்தைத் தூண் என்று அழைத்தது போலாகிவிடும்.

அடிச்சட்ட வலுவூட்டி என்பதில் இரண்டு குறைகளைக் காண்கிறேன். சேலம் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு அடிச்சட்டம் என்றால் எது என்று சொல்ல வேண்டியதில்லை. கேபினும் பாடியும் இல்லாமல், எஞ்சினும் சக்கரங்களும் இரண்டு நீள இரும்பு விட்டங்களும் மட்டுமாக, ஓட்டுநர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பாடி கட்டும் பட்டறைக்கு ஓட்டிச் செல்லும் லாரி நம் கண்ணுக்குப் பழகிய காட்சி. அந்த விட்டங்கள்தான் சேசிஸ். சிறு காரில் அப்படிக் கழற்றித் தனியே வைக்கக்கூடிய சட்டம் எதுவும் கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்த கூடே அங்கு எலும்பாகவும் தோலாகவும் இருக்கிறது. ஆகவே அதை உடற்கூடு என்று சொல்லலாம். அடிச்சட்டம் லாரியோடு இருக்கட்டும்.

அடுத்த குறை ‘வலு’ என்பதில் இருக்கிறது. இந்தத் தண்டைப் பொருத்துவதால் கார் விபத்தில் கூடுதலாகத் தாங்கும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு பக்கத்தில் விழும் இடியை மறுபக்கத்துக்கும் கடத்திவிடும் வாய்ப்புகூட இதில் உண்டு. தண்டு கூட்டுவது விறைப்பை மட்டுமே. எவ்வளவு விசையில் உடையும் என்பது வலுவைப் பற்றிய கேள்வி. குறிப்பிட்ட விசைக்கு எவ்வளவு நெளியும் என்பது விறைப்பைப் பற்றிய கேள்வி. விறைப்பு என்ற சொல்லைச் சுவரொட்டி வைத்தியர்கள் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஓர் அன்பர் தயங்கியிருந்தார். இயற்பியல் பாடநூலில் விறைப்புக் குணகம் என்று மாணவர்கள் கூச்சமில்லாமல் படிக்கிறார்கள். நாமும் அப்படியே எழுதலாம். ஒரு காரின் கூட்டை ஒரு பாகை முறுக்க எத்தனை நியூட்டன் மீட்டர் தேவை என்று பொறியாளர்கள் அளப்பதை முறுக்கு விறைப்பு என்று சொன்னால் பொருள் தெளிவாக இருக்கிறது.

பட்டறையில் பார்த்த ஒன்றுதான் என்னை ஐந்தாவது சொல்லுக்குக் கொண்டுபோனது. பானட்டைத் திறந்தால் இருபுறமும் தகடு மேடாக எழும்பி, அதன் தலையில் மூன்று மூன்று நட்டுகள் தெரிந்தன. நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடக் கூடாது. அமுக்கி வைத்திருக்கும் சுருள்வில்லை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள மூன்றைக் கழற்றி, தண்டின் முனையில் உள்ள வளையத்தகட்டை அந்த போல்ட்டுகளில் உட்காரவைத்து, நட்டுகளைத் திரும்பப் போட்டு குறித்த அளவுக்கு மட்டும் முடுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். மெக்கானிக் தம்பி வேறு எதற்காகவோ முன்பக்கத்தின் ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார். அந்த நிலையிலேயே தண்டையும் போட்டு முடுக்கிவிட்டார். கார் கீழே இறங்கியதும், எளிதாக உட்கார்ந்திருந்த தண்டு ‘டிங்’ என்று ஒரு சத்தம் கொடுத்தது. மூத்தவர் வந்து நட்டுகளைத் தளர்த்தியபோது, துளைக்கும் போல்ட்டுக்கும் இடையே நூல் அளவு விலகல் தெரிந்தது. ஒரு மூலையைத் தூக்கினால் கூடு முறுக்கிக்கொள்ளும் என்றும், நான்கு சக்கரங்களும் சமதரையில் நிற்கும்போதுதான் தண்டை முடுக்க வேண்டும் என்றும் அவர் சொல்லி, முதலிலிருந்து பொருத்தினார். தகட்டால் ஆன கூடு நெளியும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அந்த நூல் அளவு விலகலைத் தடுப்பதுதான் இந்தத் தண்டுக்கு வேலை. வண்டி வளைவில் திரும்பும்போதும் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதும் இரண்டு மேடுகளும் சில வேளை ஒன்றையொன்று நெருங்கப் பார்க்கும், சில வேளை விலகப் பார்க்கும். தண்டு இரண்டையும் விடுவதில்லை. முட்டு தள்ளுவதை மட்டும் தாங்கும், இழுத்தால் கழன்றுவிடும். பிணைப்புக் கம்பியோ இழுப்பதை மட்டும் தாங்கும், தள்ளினால் வளைந்துவிடும். இரண்டு சொல்லும் பாதி வேலையைத்தான் சொல்கின்றன. நெருங்கவும் விடாமல் விலகவும் விடாமல் இரண்டை ஒரே தூரத்தில் நிறுத்தும் கட்டையைத் தமிழில் நெடுங்காலமாக நுகம் என்று சொல்லி வருகிறோம். மாடுகளின் கழுத்துக்கு மேலே குறுக்கே கிடப்பது, எஞ்சினுக்கு மேலே குறுக்கே கிடக்கும் தண்டின் தோற்றத்துக்கும் பொருந்துகிறது. ஆகவே நுகத்தண்டு.

நுகச்சட்டம் என்று ஏன் சொல்லக் கூடாது என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். சட்டம் என்றால் நான்கு பக்கமும் அடைத்த உருவம் மனத்தில் வருகிறது. இதுவோ ஒற்றைக் குழாய். நுகத்தடி என்றே சொல்லிவிட்டால் மாட்டுவண்டியோடு குழம்பும். தோள்பட்டைச் சட்டத்தை முன்மொழிந்தவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்: ‘டவர்’ என்று பட்டறையில் சொல்லும் அந்த மேட்டுக்கு, அவர் சொல்லில் பட்டையை நீக்கிவிட்டுத் தோள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கோபுரம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அரையடி உயரம்கூட இல்லாத தகரத்துக்கு அது மிகை. குடம் என்ற சொல் நன்றாகவே இருக்கும், ஆனால் வண்டிச் சக்கரத்தின் நடுப்பாகத்துக்கு அது முன்பே போய்விட்டது.

நுகம் என்றால் அடிமைத்தனம் நினைவுக்கு வருகிறது என்ற மறுப்பை நான் பெரிதாகக் கருதவில்லை. எஞ்சினோடும் கியரோடும் பழகுகிறவருக்கு அந்த நினைவு வராது. நுகத்துக்கு ஆங்கிலப் பெயரான ‘யோக்’ என்றே காரில் வேறொரு பாகம் இருக்கிறதே என்ற மறுப்புதான் கனமானது. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் உந்துதண்டின் இணைப்பில் வரும் அந்தப் பாகம் இரண்டாகப் பிரிந்த கிளை போல இருப்பதால் அதற்குக் கவை என்பது பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருப்பதற்காகத் தமிழிலும் ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

பயனைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று மாலையே அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பார்த்தோம். கொண்டை ஊசியில் வண்டி ஊர்ந்துதான் திரும்புகிறது, அங்கே வேறுபாடு எதையும் நான் உணரவில்லை. அவற்றுக்கு இடையில் இடமும் வலமுமாக அடுத்தடுத்து வரும் சிறு வளைவுகளில் ஸ்டியரிங்குக்கு முன்பக்கம் சற்றுத் தாமதமின்றிக் கீழ்ப்படிந்தது போல இருந்தது. டாஷ்போர்டின் கீச்சொலியும் குறைந்திருந்தது. டயரின் பிடிப்பைத் தண்டு கூட்டாது. பழைய டயரோடு இருப்பவர் அந்தப் பணத்தில் டயர் வாங்கலாம் என்பதே என் கருத்து. மருமகனிடம் இதை முன்னமே சொன்னேன், கேட்கவில்லை.

இதே சேலத்தில் 1916இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் அமைத்து அறிவியல் சொற்களை ஆக்கினார்கள். சங்கத்தின் பெயரில் இருக்கும் ‘சாஸ்திர பரிபாஷை’யையே இன்று அறிவியல் கலைச்சொல் என்று மாற்றிச் சொல்கிறோம். ஆகவே நுகத்தண்டை விடச் சிறந்த சொல் வந்தால் விட்டுக்கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. பட்டறை மூத்தவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “மாடு பூட்டுற மாதிரிதாங்க இருக்குது” என்றவர், பில்லில் ‘ஸ்ட்ரட் பார் 1’ என்றுதான் எழுதினார்.

தீராதது ஒன்று இருக்கிறது. காரின் அடிவயிற்றில், சக்கரங்களைக் கூட்டோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் இரு கீழ்க்கரங்களின் பிடிப்பிடங்களை இணைத்துப் பல முனைகளில் போல்ட் போடும் வகையும் கடைகளில் கிடைக்கிறது. அது உண்மையாகவே சட்ட வடிவில் இருக்கிறது. தோளுக்கு மேல் கிடப்பதில்லை என்பதால் நுகம் அங்கே செல்லாது. அடிப்பிணைச்சட்டம் என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் நாவில் சரியாக ஏறவில்லை. தச்சு வேலையோ வண்டி கட்டும் வேலையோ அறிந்தவர்கள் குழுவில் இருந்தால், கட்டிலின் கால்கள் ஆடாமல் இருக்கத் தரையோடு ஒட்டிக் குறுக்கே அடிக்கும் கட்டைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று எழுதுங்கள்.